ஒயிலுக்குள் தண்ணீர்

கிட்ட வந்திருங்கள், என் செல்லங்களே. மடத்துவெளியில் ஒரு காரின் வயிற்றுக்குள் தண்ணீர் போன கதையைச் சொல்கிறேன்.

மயில்வாகனத்தின் பழைய கார் திடீரென்று படுத்துவிட்டது. மறுநாள் மனைவி கேதீஸ்வரியை இரத்தம் சுத்திகரிக்கப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தவறினால் அவள் உடம்பு தாங்காது.

மெக்கானிக் சசிகரன் எஞ்சினின் தலையைக் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டினான்.

“ஒயில் பால்தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு, அண்ணை. ஆனா தண்ணியை ஒயிலுக்குள்ளை கசிய விடாமல் மறிக்கிற கஸ்கட்டிலை ஒரு பழுதுமில்லை. தண்ணி விட வேண்டிய றேடியேற்றர் காய்ஞ்சுபோய்க் கிடக்கு. ஆரோ ஒயில் விடுற வாயாலை தண்ணியை ஊத்தியிருக்கினம்.”

“பக்கத்து வளவு உதயன்தான்!” மயில்வாகனம் துள்ளினார். “வேலிச் சண்டையிலை என்ர மனிசியைக் கொல்லப் பாக்கிறான். எட உதயா, வெளியிலை வாடா!”

“கத்தாதேங்கோ. கார்க்கொட்டில் பூட்டின்ர திறப்பு ஆரிட்டை?”

“என்ர மடியிலைதான். விடிய எழும்பித் தண்ணி விடுறதும் நான்தான். வேறை ஒருத்தரையும் தொட விடமாட்டன்.”

சசிகரன் காரின் முன்மூடியை உயர்த்திப் பிடித்தான். “எந்த வாயாலை விடுறனீங்கள்? ஒருக்காக் காட்டுங்கோ.”

மயில்வாகனத்தின் விரல்கள் எஞ்சினைத் தடவித் தடவிப் போய், ஒயில் மூடியில் நின்றன.

“இதுதான்.”

வாசலில் நின்ற கேதீஸ்வரி மெல்லச் சொன்னாள்:

“அவருக்குக் கண் மங்கிக் கனகாலம், தம்பி. போகேக்கை பஸ் வருது, மாடு நிக்குது எண்டு நான்தான் பக்கத்திலை இருந்து சொல்லுறனான்.”

“திரும்பி வரேக்கை, அக்கா?”

“வரேக்கை நான் மயங்கிப்போய்க் கிடப்பன்.”

உங்கள் வீட்டில் ஒருவர் கண்ணும் மங்காதிருக்கட்டும், பிள்ளைகளே. வெளியே போனவர்கள் எல்லோரும் பத்திரமாய் வீடு வந்து சேரட்டும்.