பொட்டு வைத்த தூண்

நகரின் நடுவில் இருந்த பழைய பஞ்சுக் கிடங்கை யாரோ வீடுகளாக மாற்றினார்கள். அதன் மேல்மாடி, உள்சுவரே இல்லாத பெரிய வீடு. ஒன்றாக வாழலாம் என்று அண்ணனும் தம்பியும் அதை வாங்கினார்கள். சண்டை வந்ததும், நடுவிலிருந்த இரும்புத் தூணை ஒட்டி ஒரு பீரோவைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள்.

"நான் வந்தேன், வீடு ரெண்டாச்சு," என்றது பீரோ. "என் முகம் அண்ணன் பக்கம். தம்பிக்கு முதுகுதான். நீ யார் பக்கம்?"

"நான் ஒரு பக்கம் சாய்ஞ்சா கூரை விழுந்துடும்," என்றது தூண்.

ஆயுத பூஜை வந்தது. அண்ணன் மனைவி சிவகாமி பீரோவின் முகத்தில் சந்தனப் பொட்டு வைத்தாள். பிறகு தூணுக்கு வைத்தாள். தம்பி மனைவி தாமரையும் மறுபக்கத்திலிருந்து அதே தூணுக்கு வைக்க வந்தாள். தூண் உருண்டை. இருவர் விரல்களும் முட்டிக்கொண்டன. யாரும் கையை எடுக்கவில்லை.

"அக்கா, நம்ம வீட்டுக்குப் பொரி வாங்கியாச்சா?" என்றாள் தாமரை.

ஒரு விசும்பல் கேட்டது. அது முன்பக்கமா, பின்பக்கமா என்று பீரோவுக்குத் தெரியவில்லை.