சங்கிலி பிடிக்க வந்தவள்

“ஸ்டுடியோவுல வச்சுப் படம் எடுக்கிறது விக்கிறதுக்குத்தானே? உண்மையச் சொல்லுங்க.”

லோடு ஆட்டோவை விட்டு இறங்காமலே கேட்டாள் சுடலைச்செல்வி. கழுகுமலையைத் தாண்டியதிலிருந்து கோவில்பட்டி வரும்வரை அடக்கி வைத்திருந்த கேள்வி. மடியில் தலை வைத்துப் படுத்திருந்த கன்னி இன வேட்டை நாய் சிட்டு, அவள் குரல் நடுங்கியதும் காதைத் தூக்கியது.

“நல்லதா ஒரு படம் வேணும். அம்புட்டுதான். ஏட்டி, இறங்கு,” என்றார் அவள் கணவர் வெயிலுமுத்து, ஸ்டுடியோ போர்டைப் பார்த்தபடி.

கொஞ்ச நாளாகவே அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. போன் வந்தால் எழுந்து பருத்திக்காட்டுப் பக்கம் போய்விடுகிறார். அவள் அருகில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பக்கத்துத் தெரு இசக்கிபாண்டியும் இப்படித்தான் தன் வேட்டை நாயை ஸ்டுடியோவில் நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டான். மறுவாரமே கோயம்புத்தூரிலிருந்து ஒரு கார் வந்து நாயை ஏற்றிக்கொண்டு போனது.

கன்னி நாயை விற்கக் கூடாதென்பது ஊர் வழக்கம். கட்டிக்கொடுக்கிற பெண்ணுக்குச் சீராகத்தான் கொடுக்க வேண்டும். சிட்டுவின் தாய் அப்படித்தான் சுடலைச்செல்வியோடு புகுந்த வீட்டுக்கு வந்தது. சிட்டு பிறந்து விழுந்ததே அவள் கைக்குள்தான்.

ஸ்டுடியோக்காரர் செல்வகணேஷ், வெயிலுமுத்து நீட்டிய போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார். உளுந்து காயும் தார்ப்பாயில் சிட்டு. மோட்டார் தொட்டிக்குள் சிட்டு. கட்டிலுக்கு அடியில் கண் மட்டும் மினுங்கும் சிட்டு.

“இதெல்லாமே நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி. யார் எடுத்தது?”

“இவதான்.”

“பெறகு எதுக்கு இங்கன வந்தீய?”

“போன்ல இருக்கிறது போன்லயே கெடக்கும் தம்பி. சுவத்துல மாட்டுத மாதிரி வேணும்.”

“நாயி வீட்டுலயே கெடக்கப்போ சுவத்துக்கு எதுக்கு நாய்ப் படம்?” என்றாள் சுடலைச்செல்வி. அவர் போனைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். அப்படியானால் நாய் வீட்டில் இருக்கப்போவதில்லை.

விளக்குகள் பளிச்சென்று எரிந்ததும் சிட்டு ஒடுங்கிப்போய் அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்தது. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சங்கிலியைப் பிடி, உனக்குத்தான் அது அடங்கும் என்றார் வெயிலுமுத்து.

“அதுக்குத்தான் காலையில புதுச்சேலைய உடுத்தச் சொன்னீயளாக்கும். வாங்குதவன் சேலையவா பாக்கப்போறான்?”

உட்கார்ந்தாள். சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். கடம்பூரில் அண்ணன் வீடு இருக்கிறது. கார் வருவதற்குள் சிட்டுவை அங்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அவர் விடுவாரா?

கொஞ்சம் சிரிக்கும்படி செல்வகணேஷ் சொல்லிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெயிலுமுத்து கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநாளைக்குப் பிறகு அவள் கண்ணை நேராகப் பார்த்தார்.

“செல்வி, சிட்டுவ நான் விக்க மாட்டேன். கழுகாசலமூர்த்தி மேல சத்தியம்.”

அவர் சாமி மேல் பொய்ச்சத்தியம் செய்கிறவர் இல்லை. அவள் நெஞ்சிலிருந்த பாரம் முழுவதும் இறங்கியது. கண்ணில் நீர் முட்ட, வாய்விட்டுச் சிரித்தாள். கேமரா மின்னியது.

“வாட்டி, அந்த மனுசன் நம்மளப் போட்டு என்ன பாடு படுத்திட்டாரு,” என்று சிட்டுவைக் கொஞ்சிக்கொண்டே வெளியே போனாள்.

செல்வகணேஷ் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். அக்கா நன்றாக விழுந்திருக்கிறார்கள், நாய்தான் கண்ணை மூடிவிட்டது, இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்டார்.

வெயிலுமுத்து வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“படத்துல நாய வெட்டிருங்க தம்பி, அவ முகம் மட்டும் போதும். தனியா உக்காரச் சொன்னா வெளங்கிக்கிடுவா. அவ ஸ்கேனப் பாத்துட்டு மதுரை ஆஸ்பத்திரியில கைய விரிச்சிட்டாவ, அவகிட்ட இன்னும் சொல்லல.”