சிலிப்பர் ஐயா வீட்டுப் பிள்ளை

“உண்மையைச் சொல்லு மங்களம். பிள்ளையை லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போறனியோ, இல்லையோ?”

“இல்லீங்க ஐயா. எம் புள்ளைங்க மேல சத்தியமா இல்ல.”

டிரெஸர் இராஜசிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து காஜா ஊருக்கு வெளியே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் மருந்து, ஊசி, கட்டுப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. மங்களம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்து அவர் வீட்டில் சமையலுக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் இருப்பவள். கூட்டிக்கொண்டிருந்த துடைப்பம் கையில் இருக்க, அப்படியே நின்றாள்.

“அப்ப என்ர பிள்ளைக்குக் கொக்கிப்புழு ஆகாசத்தில இருந்தோ வந்தது? முதல் தரம் வந்தது, சரி, தோட்டத்துப் பிள்ளை, வரத்தான் செய்யும். மருந்து குடுத்தன், போச்சுது. பிறகும் வந்தது. பிறகும் குடுத்தன். இப்ப திரும்பவும் வந்து நிக்குது. முகத்தைப் பார், சுண்ணாம்பு மாதிரி! இனியும் ரத்தம் குறைஞ்சால் பெரியாஸ்பத்திரியிலதான் கொண்டுபோய்ப் போடவேணும்.”

“தண்ணி கொதிக்க வச்சுத்தாங்க குடுக்குறேன். வாரம் தப்பாம நகம் வெட்டி விடுறேன். கை கழுவாம சோத்துல கை வைக்க விடுறதில்ல.”

“அதெல்லாம் வேற புழுவுக்கு. இது தோலால ஏறுறது. சனம் ஒதுங்கிற மண்ணில கிடக்கும். லயத்துக்குப் பின்னால, ரப்பர் மரப் பால்காட்டுக்குள்ள. வெறுங்கால் பட்டால் துளைச்சுக்கொண்டு உள்ள போகும். எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்!”

சொல்லத்தான் சொல்லியிருந்தார். விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி பேர் கூப்பிட்டு முடித்ததும், வேலைக்குக் கிளம்பும் சனத்தை மறித்துக்கொண்டு டிரெஸர் முன்னால் வந்து நிற்பார். கக்கூசுக்குப் போனாலும் சிலிப்பர், காட்டுக்குப் போனாலும் சிலிப்பர். போடாத பிள்ளைக்கு ஊசி போடுவேன் என்று மிரட்டி மிரட்டியே லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் காலிலும் ஜப்பான் சிலிப்பரை ஏற்றிவிட்டார். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் ‘சிலிப்பர் ஐயா’ என்று பேர். பேர் வைத்தவர்களின் பிள்ளைகள் இப்போது கன்னம் உப்பி ஓடித் திரிந்தார்கள். அவர் மகள் வத்சலா மட்டும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினாள்.

“பாப்பா பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து மாட்டிக்கிட்டு வேன்ல போவுது, வேன்ல வருது. வாசப்படி எறங்குனா ‘சிலிப்பர் போடு லா கண்ணு’ன்னு நான் பின்னாலயே ஓடுறேன். வேணும்னா என்னைய டெஸ்ட் பண்ணிப் பாருங்க ஐயா.”

“போன கிழமையே பாத்தாச்சு. உனக்கு ஒண்டுமில்லை. உன்ர பிள்ளையளுக்கும் ஒண்டுமில்லை. நீங்கள் எல்லாம் கவனமாப் போடுறியள். என்ர பிள்ளையைத்தான் வெறுங்காலோட விட்டிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு நிக்கிறாய்!”

சுத்தமாக இருந்ததே குற்றமாகப் போயிற்று.

அறை வாசலில் வந்து நின்ற வத்சலா, “அப்பா, மங்களம் அக்கா இல்லை...” என்று தொடங்கினாள்.

“பெரியாக்கள் கதைக்கேக்க உனக்கென்ன அலுவல்? போய்ப் படி!” குசினியிலிருந்து வேகமாக வந்த தாய் பூமணி, மகளை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

“நாளையில இருந்து நீ வரவேண்டாம்,” என்றார் இராஜசிங்கம், எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டே.

“ஐயா, முட்டி போன ஆளுங்க நான். மறுபடி மேட்டுக் காட்டுல ஏறி பாலுக்கு மரம் வெட்டச் சொன்னா ரொம்ப சூசா, முடியாதுங்க. இதை விட்டா எங்க வீட்டுல அடுப்பெரியாதுங்க. டிரெஸர் வீட்டுலயே அசிங்கம் புடிச்சவன்னு தொரத்திட்டாங்கன்னா, அப்புறம் என்னை யாருங்க வேலைக்குக் கூப்பிடுவா?”

“எனக்கு என்ர பிள்ளைதான் முக்கியம்.”

மோட்டார் சைக்கிள் சத்தம் தோட்டத்து ஆஸ்பத்திரிப் பக்கம் போய்த் தேய்ந்தது.

மங்களம் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பூமணி கிட்ட வந்து அவள் தோளைத் தொட்டாள்.

“அழாதை மங்களம். உன்னில பிழை இல்லையெண்டு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!”

“சொன்னால் கேக்கிற மனிசனோ அவர்? பிள்ளைக்குச் சுகம் வரட்டும், அண்டைக்கே ஆள் அனுப்பி உன்னைக் கூப்பிடுறன். கெதியில வந்திடும்.”

“எப்படிம்மா சொல்றீங்க?”

பூமணி வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “முருகனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். அவருக்குத் தெரியாது, அறிஞ்சால் குதிப்பார். முதல் தரம் வருத்தம் வந்ததில இருந்து, வெள்ளிக்கு வெள்ளி நீ வீட்டுக்குப் போன பிறகு, பிள்ளையைப் பால்காட்டுக்குள்ளால கோயிலுக்கு நடத்திக்கொண்டு போறன்.”

“நடந்தா? சிலிப்பர் போட்டுக்கிட்டுத்தானேம்மா?”

“விசரே உனக்கு? சாமியிட்டைச் சிலிப்பரோடையோ போறது? சுகம் வரும் மட்டும் வெறுங்காலோட எண்டுதான் நேர்த்தி. இன்னும் முருகன் கண் திறக்கேல்லை. அதுதான், இந்தக் கிழமையில இருந்து செவ்வாயும் நடத்தப் போறன்.”