கடைசி வரி

"கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பும்மா. வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம்."

ராஜினாமாக் கடிதத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தலைமைப் பொறியாளர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள் ஆன அந்தப் பெண் பேனாவைத் தொடவில்லை.

ஃபைல்களின் பழைய வடிவங்களைப் பத்திரப்படுத்தும் மென்பொருள்தான் அந்தக் கம்பெனியின் பிழைப்பு. எந்த ஃபைலைக் கொடுத்தாலும் அதன் உள்ளடக்கத்தை வாங்கி வைத்து, கேட்டபோது எடுத்துத் தரும் நிரல் ஒன்றுதான் அதற்கு உயிர்நாடி. ஏழு வருடத்துக்கு முன் அவர் தனியாளாக எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு புள்ளியைக்கூட யாரையும் தொட விடமாட்டார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பூதம் என்று பெயர். புதையலைக் காக்கிறாராம். சில ஃபைல்களில் கடைசி வரி காணாமல் போகிறதென்று வாடிக்கையாளர்கள் புலம்பினால், முடிவில் ஒரு எண்டர் தட்டச் சொல்லி அனுப்பிவிடுவார்.

ஒவ்வொரு உள்ளடக்கத்துக்கும் அந்த மென்பொருள் கைரேகை மாதிரி ஓர் எண் போடும். ஃபைலின் பெயரை மாற்றினாலும் எண் மாறாது. உள்ளே ஓர் எழுத்து மாறினால் மாறிவிடும். அன்று காலை அந்தப் பெண், பழகிப் பார்க்கிறேன் என்று தன் ஃபைல் ஒன்றை உள்ளே போட்டாள். இது ஏற்கெனவே இருக்கிறது என்றது மென்பொருள். கம்பெனியின் சொந்த நிரல்களும் அதற்குள்தான் இருந்தன; பூதத்தின் நிரலும் அவள் ஃபைலும் அச்சு அசல் ஒன்று. வந்த மூன்றாம் நாளே கைவரிசையைக் காட்டிவிட்டாள் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

விஷயம் காதுக்கு எட்டி முதலாளியம்மா வந்துவிட்டார். போலீசுக்குப் போகலாமே என்றார். சின்னப் பொண்ணு, வாழ்க்கை பாழாயிடும் என்று பூதம் அவசரமாகத் தடுத்தார். இவருக்கு இவ்வளவு இளகிய மனசா என்று முதலாளியம்மாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நீ என்னம்மா சொல்றே?"

அவள் மடிக்கணினியைத் திருப்பி, நிரலில் ஒரே ஓர் இடத்தில் ஓர் இலக்கத்தை மாற்றினாள். சோதனைக்கு ஒரு ஃபைலைக் கொடுத்து வாங்கினாள். ஏழு வருடமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்த கடைசி வரி திரையில் வந்து நின்றது. பூதம் உட்கார்ந்துவிட்டார்.

"காலேஜ்ல நான் எழுதினது மேடம். எட்டு வருஷத்துக்கு முந்தின தேதி இருக்கு, பாருங்க. இணையத்துல போட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சுத் தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்திட்டேன்."

முதலாளியம்மா லேசுப்பட்டவர் அல்ல. "திருத்தினா எண் மாறியிருக்கணுமே. எப்படி ஒண்ணா இருந்துச்சு?"

"காலையில நான் போட்டது திருத்தறதுக்கு முந்தினது மேடம். உங்க மென்பொருள்ல கடைசி வரி காணாமப் போகுதுன்னு கேள்விப்பட்டுத்தான், இங்க வேலைக்கே சேர்ந்தேன்."