மெட்ராஸ் போன அட்டைகள்

1972-இல் எங்கள் விருத்தாசலம் பீங்கான் தொழிற்சாலைக்குப் புரோகிராமர் பரக்கத்துல்லா வந்த அன்றே என் வேலைக்கு நாள் குறித்துவிட்டார்.

“எந்தச் சூளைக்கு எந்த ஆளுன்னு இனிமே கம்ப்யூட்டரே பட்டியல் போடும், சுப்புராயன் சார். நீங்க வூட்ல ஜம்முனு ஒக்காந்துக்கலாம்.”

எனக்கு மூன்று பெண்கள். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

கம்ப்யூட்டர் இருந்ததோ மெட்ராஸில். பரக்கத்துல்லா இங்கே தன் கைமிஷினால் அட்டைகளில் துளை போடுவார். அந்தத் துளைகளைத்தான் அது படிக்கும். முந்நூறு அட்டைகளையும் கட்டி ரயிலில் அனுப்புவது என் பொறுப்பு. பத்து நாள் கழித்து, ‘பிழை’ என்று பதில் வரும்.

ஆறு முறை அனுப்பினோம். ஆறு முறையும் பிழை. மனிதருக்குத் தாடி தொப்புளைத் தொட்டது.

“ரயில் குலுக்கலா இருக்குமோ சார்?”

“மெத்தை வச்சு அனுப்புவோமா தம்பி?”

மெத்தை வைத்தும் அனுப்பினேன். பிழை!

“இதுக்கு நம்ம சுப்புராயனே தேவலாம்யா!” என்று முதலாளி கத்தினார். பரக்கத்துல்லா பெட்டியைக் கட்டினார்.

ஜங்ஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். “இந்த ஊர்ல எனக்காக வருத்தப்பட்டது நீங்க ஒருத்தர்தாங்க. என் ஞாபகமா என்ன வேணும், கேளுங்க.”

“அந்தக் கைமிஷினைக் குடுத்துட்டுப் போங்க தம்பி.”

உருகிப்போய்க் கொடுத்தார்.

இன்றும் அது என் மேசைமேல் இருக்கிறது. மெட்ராஸுக்கு அனுப்பிய ஒவ்வொரு கட்டிலும் ஒரே ஒரு அட்டையில், அதை வைத்து ஒரே ஒரு துளைதான் கூடுதலாகப் போட்டேன். பேராசை எனக்கு எப்போதுமே கிடையாது.