லிஃப்டில் ஒரு குடும்பம்

"இதைக் கேளுடா. 'பட்டனை அமுக்கினா கதவு ரெண்டு பக்கமும் விலகுது, பிரமாதம்'னு எழுதியிருக்காங்க" என்றான் டிரம்மர், போனில் வந்த விமர்சனங்களைப் பார்த்தபடி.

"பாட்டைப் பத்தி?" என்றான் பாடகன் சுரத்தில்லாமல்.

"அதைப் பத்தி யாரும் வாயே திறக்கல."

லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தின் கதையைப் பாட்டுப் பாட்டாகச் சொல்லும் ஆல்பம் அது. அவர்களுடைய காமெடி ராக் குழு அதன் சிடிக்கு லிஃப்ட் மாதிரியே ஒரு ஸ்பெஷல் பெட்டி செய்திருந்தது. கதவு ஒட்டி, பட்டன் பொருத்தி, இருவரும் இடுப்பொடிய உட்கார்ந்து அடைத்து அனுப்பியவை அத்தனையும் விற்றுவிட்டன. பாராட்டுக்கும் குறைவில்லை. பாடியதுதான் வீண் என்று தோன்றியது பாடகனுக்கு.

அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர். ஒத்திகை தொடங்கினாலே சுவரை இடிக்கிற மனிதர். கையில் அந்தப் பெட்டி.

"சார், இனிமே சத்தம் வராது..." என்று ஆரம்பித்தான் பாடகன்.

"அதுக்கு வரல தம்பி. கடையில வாங்கினேன். உள்ள சிடியே இல்லையே."

பாடகன் குனிந்து சோபாவுக்கடியில் பார்த்தான். சிடிகள் வந்த அட்டைப்பெட்டி, டேப்கூடப் பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

டிரம்மர் போனை மெல்லக் கவிழ்த்து வைத்தான்.

"சுவர் வழியாக் கேட்டதுல கடைசிப் பாட்டு மட்டும் சரியா காதுல விழல" என்றார் அவர். "லிஃப்ட் தொறந்துச்சா, இல்லையா?"