யாரும் ஒதுங்கவில்லை

"கண்ணாடிக்கு எட்டாயிரத்தை எடுத்து வைங்க தம்பி. அப்புறம் பேசுவோம்."

"நான் எதுக்கு சார் வைக்கணும்? என் கண்ணாடியும்தான் போச்சு. சீட்டுக்கு இன்னும் பாலிதீன் உறைகூடப் பிரிக்கல."

மன்னார்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்து ரோடு. இரண்டு ஓரத்திலும் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். நடுவில் மிச்சமிருந்த இடத்தில் இரண்டு கார் இடித்துக்கொண்டு போகலாம். இடிக்காமல் போக முடியாது. அப்படித்தான் போயிருந்தன. டிரைவர் பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டும் நொறுங்கி, கதவுகளில் நீளமாகக் கீறல்.

பழைய கார் தஞ்சாவூர் ரெங்கசாமியுடையது. பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். புது கார் முத்துப்பேட்டை நௌஷாத்துடையது. துபாயிலிருந்து லீவில் வந்தவர்.

"நீங்க இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்கியிருந்தா இது நடந்திருக்குமா?" என்றார் நௌஷாத்.

"எனக்கு வெயில் கண்ணுல அடிச்சுது."

"சூரியன் உங்க முதுகுப் பக்கம்ல சார் இருக்கு!"

ரெங்கசாமி திரும்பிப் பார்த்தார். முதுகுப் பக்கம்தான் இருந்தது.

"சரி, உங்களுக்கு என்னவாம்? நீங்க ஒதுங்க வேண்டியதுதானே?"

"எனக்கு… ஸ்டியரிங் டைட்டு சார்."

"உறை பிரிக்காத வண்டியில ஸ்டியரிங் டைட்டா?"

இரண்டு பேருடைய மனைவிகளும் காரை விட்டு இறங்கி, வேப்ப மர நிழலில் ஒதுங்கினார்கள்.

"இவர் வீட்டுலயும் இப்படித்தாம்மா," என்றாள் பிரகதாம்பாள். "எதிர்ல வந்தா நாமதான் சுவரோட ஒட்டி நிக்கணும். இந்த வீம்பு தீர்றதுக்குள்ள அங்கே பந்தியே முடிஞ்சுடும்."

"எங்க வீட்டுலயும் அதேதாங்கம்மா," என்றாள் ஜஸீலா. "தண்ணி குடிக்கிறீங்களா? இவங்க இப்ப முடிக்க மாட்டாங்க."

முடிக்கவில்லைதான்.

"இன்ஷூரன்ஸ்ல கேட்டு வாங்கிக்கங்க சார்."

"கேட்டா அடுத்த வருஷம் பிரீமியம் ஏறும். நீங்க வந்து கட்டுவீங்களா?"

கத்திக் கத்தி இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியது. நௌஷாத்தான் முதலில் இறங்கி வந்தார்.

"யோசிச்சுப் பாத்தா தப்பு நம்ம மேலயே இல்ல சார். ரோட்டுல நெல்லைக் கொட்டி வச்சிருக்காங்களே, அவங்க மேல."

"இப்பத்தான் தம்பி நியாயமாப் பேசுறீங்க!" ரெங்கசாமி குரலை உயர்த்தினார். "யாருது இந்த நெல்லு?"

சற்றுத் தள்ளி நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பூவிழி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள்.

"என்னுதுதாங்க."

"ரோடு என்ன உங்க வீட்டுக் களமா?"

"களத்துல இடமில்லீங்க. ஈரம் இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல திருப்பி விட்டுட்டாங்க. நாளைக்குள்ள காயவச்சுக் கொண்டுபோகலேன்னா இந்தத் தடவை எடுக்கவே மாட்டாங்க. குத்தகை, உரக்கடைக் கடன் எல்லாம் இதுலதாங்க கொடுக்கணும்."

"அதுக்கு நாங்களா கிடைச்சோம்?" என்றார் நௌஷாத். "ரெண்டு கண்ணாடி, கதவுக்கு பெயின்ட்டு. யாரு கொடுக்கிறது?"

"போலீசுக்குப் போன் போட்டாத்தான் சரிப்படும்," என்று ரெங்கசாமி செல்போனை எடுத்தார்.

பூவிழிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"போலீசு வேணாங்க. உடனே அள்ளச் சொல்லிடுவாங்க, ஈரத்தோட அள்ளினா முளை விட்டுரும். காசு இல்லீங்க. நெல்லாவே எடுத்துக்கங்க." சாக்கு ஒன்றை எடுத்து வந்து வாயைப் பிரித்தாள்.

"ஏங்க, வேணாங்க," என்று பிரகதாம்பாள் நிழலிலிருந்தே சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து விடாமல் ஹாரன் சத்தம். மினி பஸ். படியில் தொங்கிக்கொண்டே கண்டக்டர் கத்தினார்.

"நடு ரோட்டுல என்ன சார் பஞ்சாயத்து? வண்டிய ஓரங்கட்டுங்க!"

"ஓரம் எங்கய்யா இருக்கு?" என்றார் ரெங்கசாமி.

"அதான் ரெண்டு பக்கமும் இருக்குல்ல? நெல்லு மேல ஏத்தி நிறுத்துங்க. சக்கரம் ஏறிட்டா குடியா முழுகிடப்போகுது?"

ரெங்கசாமிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸை நோக்கிப் பாய்ந்தார்.

"நெல்லு மேல ஏத்துறதா? நீ சோறுதானேய்யா திங்கிற? ஏத்துறவனா இருந்தா அப்பவே ஒதுங்கியிருப்பேனே! கண்ணாடி போனாப் போகட்டும்னு நேரா விட்டவன்யா நான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மனைவி பக்கம் திரும்பவில்லை. நௌஷாத்தை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தார்.

நௌஷாத் பூவிழியின் கையிலிருந்த சாக்கை வாங்கிச் சுருட்டி, கீழே வைத்தார். பிறகு தலையைச் சொறிந்தபடி, ரெங்கசாமிக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்:

"நானும்தான் சார்."